இல்லாத மார்பும் வலிக்கும்



ஷெல் வீச்சில் காலை இழந்தவர்கள், இல்லாத பாதம் உளைகிறது, கடிக்கிறது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிய பெண்களுக்கும் அப்படி நேர்வதுண்டு. அகற்றிய மார்பு கனப்பதுபோல, கூசுவதுபோல இருக்கும். இது மனப்பிராந்தி அல்ல. உறுப்புப் போனாலும் மூளையில் அதன் பதிவு உடனே அழிவதில்லை.

உளவளத்துணைக்கு வரும் பெண்கள் இதை என்னிடம் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள். "உயிர் தப்பினதே பெரிய விசயம், பிறகேன் அழுகை?" என்று வீட்டார் கேட்பதால் வாயை மூடிக்கொள்கிறார்கள். கண்ணாடி பார்ப்பதில்லை. கணவன் முன் உடை மாற்றுவதில்லை. 2009இல் உறவுகளைப் பறிகொடுத்து வந்த எங்களுக்கும் இதே வார்த்தையைத்தானே சொன்னார்கள்? இழப்பு இழப்புத்தான். அதற்காக அழுவது நன்றிகெட்ட செயல் அல்ல.

காயம் ஆறியதும் தழும்பை முதலில் நீங்களே தொட்டுப் பாருங்கள். மனம் இசையும்போது கணவருக்குக் காட்டுங்கள். பஞ்சு வைத்துத் தைத்த துணி மார்பை உள்ளாடைக்குள் அணியலாம். இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையும் பசியும் இல்லாவிட்டால், அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மனக்காயத்துக்கும் மருந்துண்டு, சகோதரிகளே.