கிணற்றுக்குள் ஒரு கிட்டார்

அண்மையில் மட்டக்களப்பில் பறங்கியர் கல்யாண வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். இராச்சாப்பாடு முடிந்ததும் வழமைபோலக் கப்ரிஞ்ஞா தொடங்கியது. வயலின் எழுந்த மாத்திரத்தே முதியவர்கள் இணை சேர்ந்து மண்டபத்தின் நடுவே வந்துவிட்டனர். கிட்டார் சேர்ந்தபோதுதான் சிக்கல். அடி எங்கே விழுகிறது என்று தெரியாமல் கால்கள் தடுமாறின. எழுபதைத் தாண்டிய ஒருவர் வாசித்த இளைஞனிடம் சென்று, "என்ன மனே, கிணத்துக்குள்ள இருந்தா வாசிக்கிறாய்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பல்கலைக்கழக நாட்களில் நானும் கிட்டாரோடு அலைந்தவன் என்பது அவனுக்குத் தெரியும். மறுநாள் வீட்டுக்கு வந்து, "அங்கிள், புது ரிவேர்ப் பெடல். அது பிழையா?" என்றான். பெடலில் பிழையில்லை. அதை எதற்கு வாங்குகிறோம் என்று நாம் யோசிப்பதில்லை என்பதே எனது குறை.

ரிவேர்ப் என்பது தனித்துத் திரும்பி வரும் எதிரொலி அன்று. சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் எண்ணற்ற ஒலிகள் பிரித்தறிய முடியாதவாறு கலந்து, மெல்ல அடங்கும் முழக்கம் அது. ஹமண்ட் ஓர்கனில் அதனைச் சுருள்வில்களால் உண்டாக்கினார்கள். ஒரு முனையில் வில்லை அதிரச் செய்து, மறுமுனையில் அவ்வதிர்வை மீண்டும் மின்னாக்குவதே உத்தி. ஃபென்டர் நிறுவனம் 1961இல் அதைத் தனிப்பெட்டியாகவும், 1963இல் அம்பிளிபயருக்குள்ளேயும் தந்தது. 1987இல் வந்த பொஸ் ஆர்வி-2 டிஜிட்டல் ரிவேர்பைக் காலால் மிதிக்கும் சிறு பெட்டிக்குள் அடக்கியது. இன்றைய பெடல்களில் வில், தகடு, மண்டபம், தேவாலயம் என்று பல முழக்கங்கள் உள்ளன. ஆபத்தும் அங்கேதான். கடையில் தனியே இருந்து ஒரு தந்தியை மீட்டிப் பார்ப்பவனைத் தேவாலய முழக்கம் மயக்கிவிடும்.

பைலாவுக்கும் கப்ரிஞ்ஞாவுக்கும் அது ஒவ்வாது. அவை விரையும் ஆறு-எட்டுத் தாளத்தின்மேல் நிற்பவை. நிமிடத்துக்கு 120 அடி என்று கொண்டால் ஓர் அடிக்கு அரை விநாடிதான். முழக்கம் அடங்க 3 விநாடி எடுத்தால் ஆறு அடிகளின் ஒலி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். ஆடுபவர் எந்த அடிக்குக் கால் வைப்பார்?

ஆகவே பெடல் வாங்குவோர் முழக்கங்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். நல்ல வில் முழக்கம் உண்டா, அடங்கும் நேரத்தை ஒரு விநாடிக்குள் குறைக்க முடியுமா, முழக்கத்தின் அளவைத் தனியே திருக முடியுமா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். தந்தியைத் தட்டும் ஒலிக்கும் முழக்கத்துக்கும் இடையே சிறு இடைவெளி வைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. தட்டு தெளிவாகக் கேட்கும்.

பொருத்துவதிலும் முறை உண்டு. அம்பிளிபயரின் ஒலியைத் தணித்து, அணைத்துவிட்டே வயர்களைச் செருக வேண்டும். அதன் பின்புறத்தில் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்ற துளைகள் இருந்தால், சென்டிலிருந்து பெடலின் உள்வாயிலுக்கும், பெடலின் வெளிவாயிலிலிருந்து ரிட்டர்னுக்கும் வயரைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் மற்றப் பெடல்களுக்கெல்லாம் கடைசியாக இதை வைக்கலாம். முழக்கத்தை முதலில் சேர்த்து, பின்னர் அதை ஒலிச்சிதைவுக்குள் செலுத்தினால் சேறுதான் மிஞ்சும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட்டில், நடுமுனை எதிர்மின்னாக இயங்குபவை. ஆயினும் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் கண்ட அடப்டரைச் செருகினால் பெடல் கருகக்கூடும்.

இவ்வளவும் செய்த பின்னர் காதைத் தீட்டுங்கள். சீமெந்துச் சுவர்கொண்ட வெறும் மண்டபத்துக்குச் சொந்த முழக்கமே மிகை. அங்கே பெடலை அணைத்துவிடுவதே அறிவு. வாவிக்கரைத் திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. அங்கே சிறிது முழக்கம் கிட்டாருக்கு உயிர் தரும்.

இதற்காக ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். அன்றிரவு கிட்டாரின் முழக்கத்தில் அமிழ்ந்துபோனது தாளம் மட்டுமன்று, பாட்டின் சொற்களும்தான். அவை மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழிச் சொற்கள். அம்மொழி இன்று பெரும்பாலும் மூத்தவர்களின் நாவிலேயே தங்கியிருக்கிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை டச்பாரில் அச்சமூகத்தவர் பலரைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் அம்மொழி கேளாத பிள்ளைகளின் காதுக்கு அது எட்டும் வழிகளுள் ஒன்று கல்யாண வீட்டுப் பாட்டு. அந்த வழியையும் நாமே ஒரு குமிழைத் திருகி அடைத்துவிடலாமா?

இளைஞனின் பெடலில் வில் முழக்கத்தைத் தேர்ந்து, அளவைக் கால்பங்குக்கும் கீழே இறக்கிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "பெடல் போட்ட மாதிரியே இல்லையே அங்கிள்" என்றான்.

அணைத்துப் பார் என்றேன். அணைத்தான். கிட்டார் திடீரென வறண்டுபோயிற்று. ஒன்றும் பேசாமல் மறுபடி மிதித்தான்.