குறைந்த காசு உள்ளவரை முதலில் கேளுங்கள்

போன சனிக்கிழமை எங்கள் தமிழ் வகுப்பில் ஒரே சத்தம். ஆண்டு முடிவில் சுற்றுலா எங்கே போகலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டிருந்தோம். "அன்ரி, வொண்டர்லாண்ட் போவம்!" என்றார்கள் பாதிப் பேர். "இல்லை, நயாகரா!" என்றார்கள் மற்றவர்கள். கை உயர்த்தச் சொல்லி எண்ணினோம். வொண்டர்லாண்ட் வென்றது. எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் மெல்லச் சொன்னது: "எனக்கு அண்டைக்கு வேற அலுவல் இருக்கு."

எந்த நாள் போவது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவே இல்லை.

இப்படி ஒரு பதிலை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். 2010ஆம் ஆண்டு நான் ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஐந்து தோழிகள். நால்வர் ஸ்காபரோவில் அம்மா அப்பாவோடு இருந்தோம். ஒருத்தி மதுரையிலிருந்து படிக்க வந்தவள். வெளிநாட்டு மாணவர்களுக்கு இங்கே படிப்புக் கட்டணம் எங்களைவிடப் பல மடங்கு. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

மே மாதம், விக்டோரியா நாள் விடுமுறை வந்தது. நயாகராவுக்குப் போய் ஓர் இரவு தங்கலாம் என்று முடிவு செய்தோம். "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு எக்ஸாம் இருக்கு" என்றாள் மதுரைத் தோழி. நாங்கள் நால்வரும் போனோம். நிறையப் படம் எடுத்தோம். வந்தோம். எங்கள் சோதனை எல்லாம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது என்பது எனக்கு ஜூன் மாதத்தில்தான் உறைத்தது.

அவளிடம் கேட்டேன். சிரித்தாள். "எக்ஸாம் எல்லாம் இல்லப்பா. காசு இல்ல. அதைச் சொன்னா நீங்க எனக்கும் சேர்த்துக் குடுப்பீங்க. அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்காது."

ஆகவே என் கருத்து இதுதான். நண்பர்கள் சேர்ந்து ஒரு பயணம் போவதென்றால் இடத்தை முதலில் முடிவு செய்யக் கூடாது. காசை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதுவும், யாரிடம் ஆகக் குறைவாக இருக்கிறதோ அவருடைய கணக்குப்படி. வாக்கெடுப்பு நல்ல முறைதான். ஆனால் பத்துப் பேர் ஒரு பக்கம், ஒருவர் மறு பக்கம் என்றால், அந்த ஒருவர் வீட்டில் இருப்பார். ஒரு பொய்யும் சொல்வார். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தவர்கள் நாங்கள்.

நான் இப்போது மென்பொருள் எழுதும் வேலை செய்கிறேன். ஒரு செயலியைப் புதிய போனில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லா ஓடுது" என்று சொல்ல எங்களை விட மாட்டார்கள். பழைய, மெதுவான போனிலும் அது ஓட வேண்டும். அதில் ஓடினால் பெரும்பாலும் மற்றப் போன்களிலும் ஓடும்.

சரி, "உன்னிட்ட எவ்வளவு காசு இருக்கு?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்கலாமா? கூடாது. அது இன்னும் மோசம். அந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு நாங்கள் வேறு வழி பார்த்தோம். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் எடுத்தோம். பெயர் எழுதவில்லை. செலவு செய்ய முடிந்த தொகையை மட்டும் எழுதி ஒரு தொப்பிக்குள் போட்டோம். ஆகக் குறைந்த சீட்டில் 20 டொலர் என்று இருந்தது.

20 டொலருக்கு எங்கே போவது? நீங்களும் இப்படித்தான் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். நாங்கள் ரொறன்ரோத் தீவுக்குப் போனோம்.

யூனியன் நிலையத்தில் இறங்கி ஏரிக்கரைக்கு நடந்தோம். இன்று ஜாக் லேட்டன் பெயரில் இருக்கிற படகுத்துறை அதுதான். போவதற்குத்தான் ரிக்கற்; திரும்பி வர ரிக்கற் தேவையில்லை. அப்போது அது 10 டொலரைவிடக் குறைவு. சென்ரர் ஐலண்ட் படகுக்கு வரிசை மிக நீளம். ஆகவே வார்ட்ஸ் ஐலண்ட் படகில் ஏறினோம். கால் மணி நேரத்தில் அக்கரை!

அங்கே 250க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்காரர்களுக்குக் கார் இல்லை. சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும்தான் சாமான் கொண்டு போகிறார்கள். நாங்களும் நடந்தோம். தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 5 கிலோமீற்றர் அளவு வரும். வழியில் ஒரு கலங்கரை விளக்கம். 1808இல் கட்டியது. அதன் முதல் காவலர் 1815இல் காணாமல் போய்விட்டார். அவருடைய ஆவி இன்னும் அங்கே சுற்றுகிறது என்று ஒரு கதை உண்டு. நாங்கள் போனது பகலில். ஆவி வரவில்லை.

கட்டிய காலத்தில் அந்த விளக்கம் தண்ணீருக்குக் கிட்ட இருந்தது. இப்போது தண்ணீர் தள்ளி இருக்கிறது. இடையில் எல்லாம் மணல். எங்களில் ஒருத்தி புவியியல் படித்தவள். அவள் கேட்டாள்: "இந்த மணல் எங்கேயிருந்து வந்தது, சொல்லுங்கோ பாப்பம்?" ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்காபரோவில் ஏரிக்கரையோரம் உயரமான மண்மேடுகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். அலை அந்த மேடுகளை அரிக்கும். நீரோட்டம் அந்த மண்ணை மேற்கே கொண்டு வரும். அப்படிச் சேர்ந்ததுதான் இந்தத் தீவு! முதலில் அது கரையோடு ஒட்டியே இருந்தது. 1858இல் ஒரு பெரும் புயல் வந்து அறுத்துவிட்டது. எங்கள் வீட்டுப் பக்கத்து மண்ணைப் பார்க்கவா காசு கொடுத்துப் படகில் வந்தோம் என்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

சாப்பாடு கடையில் வாங்கவில்லை. மதுரைத் தோழி எலுமிச்சை சாதம் கொண்டு வந்தாள். அம்மா எனக்குப் புட்டும் சம்பலும் கட்டித் தந்தார். "நாங்கள் குறிகட்டுவானில படகேறி நயினாதீவுக்குப் போகேக்க கட்டுச்சோறுதான் கொண்டு போறது" என்று சொல்லித்தான் தந்தார். சென்ரர்வில் ராட்டினங்களைப் பார்த்தோம், ஏறவில்லை. ஏற ஆசையாகத்தான் இருந்தது. மிச்சக் காசில் ஐஸ்கிரீம் வாங்கினோம்.

அந்த 20 டொலர்ச் சீட்டு மதுரைத் தோழியுடையது என்றே நான் பல வருடம் நினைத்திருந்தேன். அது அவளுடையது இல்லை. ஸ்காபரோவில் இருந்து, எப்போதும் புதுச் சப்பாத்தோடு வரும் இன்னொரு தோழியுடையது. அப்பாவுக்கு வேலை போயிருந்ததாம். நயாகராவுக்கு அவள் கடன் வாங்கி வந்திருக்கிறாள். எங்களோடு நின்று படத்தில் சிரித்துக்கொண்டு இருக்கிறாள்.

"அப்ப நாங்கள் வொண்டர்லாண்டே போகக் கூடாதா, அன்ரி?" என்று கேட்பீர்கள். வீட்டாரோடு தாராளமாகப் போங்கள். வகுப்பாகப் போவதுதான் இங்கே பேச்சு. போன வாரம் எடுத்த வாக்கை நான் ஏற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு பெட்டியும் வெள்ளைத் தாளும் கொண்டு வருகிறேன். வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள். பெயர் எழுத வேண்டாம், இலக்கம் மட்டும் போதும். பேனையும் நானே தருவேன். எல்லாருக்கும் ஒரே நிறம்.