ஃபெட் அப் ஆனவன்கிட்ட இலக்கணமா?

தப்பு இங்கிலீஷைத் திருத்துறது வேற, பேசுறவன் வாயை அடைக்கிறது வேற. நம்ம ஐடி கம்பெனிகள்ல நடக்குறது ரெண்டாவதுதான் மக்கா.

போன மாசம் டீம் மீட்டிங்ல ஒரு தமிழ் மீடியம் பையன், "ஐ ஆம் ஃபெட் அப் ஆஃப் வீக்கெண்ட் சப்போர்ட்"னு தைரியமா சொல்லிட்டான். நாலு வாரமா சனி ஞாயிறுகூட ஆணி புடுங்கினவன். டேமேஜர் சொன்ன பதில்: "நாட் ஆஃப், வித்!" எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. அஞ்சாவது வாரமும் அவன் தலையிலதான் விடிஞ்சுது.

சரி, இலக்கணத்தையே பார்ப்போம். எழுத்துல 'ஃபெட் அப் வித்'தான் சரி. சந்தேகமே இல்ல. ஆனா 'டயர்ட் ஆஃப்', 'சிக் ஆஃப்' ரெண்டும் சரியான இங்கிலீஷ். அதே அர்த்தத்துல வர்ற 'ஃபெட் அப்' பின்னாடியும் 'ஆஃப்' ஒட்டிக்குது. இது தமிழ் மீடியம் வியாதி இல்லீங்க. இங்கிலாந்துலயே பேச்சுல சாதாரணமாப் புழங்குது. எழுத்துல தவிர்க்கணும், அவ்ளோதான்.

வார்த்தையைப் பிரிச்சுப் பாருங்க: வயிறு முட்டத் தின்னாச்சு, இனி ஒரு வாய்கூட இறங்காது. நம்மூர் 'திகட்டிப் போச்சு'தான் அது. 1900 வாக்குல பிரிட்டிஷ் பேச்சுவழக்குல வந்த கொச்சை. கொச்சையாப் பொறந்த வார்த்தைக்கு இவ்வளவு ஆசாரம்!

உண்மையிலேயே திருத்த வேண்டிய தப்பு ஒண்ணு இருக்கு: 'ஐ ஆம் போரிங்'. 'எனக்கு போர் அடிக்குது'ன்னு நினைச்சுச் சொல்றாங்க. கேக்குறவனுக்கு 'நான் ஒரு அறுவை கேஸ்'னு விழுது. நூம்பல்லேர்ந்து கிளம்பி, வேலப்பன்சாவடி தாண்ட முடியாம பூந்தமல்லி ஹைரோட்டுல நிக்கிறவன் போர்ட். அந்த டிராஃபிக்தான் போரிங். இங்க அர்த்தமே தலைகீழாகுது, அதனால திருத்தணும். அதையும் தனியாக் கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு.

'ஆஃப்' போட்டதால அந்தப் பையன் சொன்னது யாருக்காவது புரியாமப் போச்சா? நல்லாவே புரிஞ்சுது. புரிஞ்சதுக்குப் பதில் சொல்ல இஷ்டமில்லாதப்பதான் ப்ரெபொசிஷன் ஞாபகம் வருது. அடுத்த தடவை அவன் வாயே தொறக்க மாட்டான். பேப்பர் போட்டுட்டுப் போயிடுவான். ராஜினாமா மெயில் மட்டும் ஒரு பிழை இல்லாம இருக்கும்.

முதல்ல குறையைக் கேளுங்க சாமிகளா. வித்தா ஆஃபானு அப்புறம் பார்த்துக்கலாம்.