யார் ஓட்டினால் என்ன?

கெம்பேகவுடா பஸ் நிலையத்திலிருந்து காடுகோடி வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் செல்லும் 335-இ தடத்தை நம்மில் அறியாதார் சிலரே. டொம்ளூர், விமானத் தொழிற்சாலை, மாரத்தஹள்ளி, குந்தலஹள்ளி எனத் தமிழர் நிறைந்து வாழும் பகுதிகளைத் தொட்டுச் செல்லும் தடம் அது. இன்று அதில் மின்பஸ்கள் ஓடுகின்றன. வண்டியின் மேலுள்ள பெயர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தினுடையது. கண்டக்டரும் கழகத்தின் ஊழியரே. ஆனால் வண்டி ஒரு தனியார் கம்பெனிக்குச் சொந்தம். டிரைவரும் அக்கம்பெனியின் ஆள்.

“யார் ஓட்டினால் என்ன? வண்டி வந்தால் போதாதா?” என்று நண்பர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் ‘வண்டி வந்தால்’ என்ற அந்தச் சிறு சொல்லில்தான் சிக்கல் முழுதும் அடங்கிக் கிடக்கிறது.

பெங்களூர் பஸ்களின் மேல் எழுதிய பெயர் மாறுவது புதிதன்று. 1940-இல் பெங்களூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் நகர பஸ்களை நடத்தத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் இவ்வழியில் விமானத் தொழிற்சாலையும் பிறந்தது. 1956-இல் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டு, பெங்களூர் டிரான்ஸ்போர்ட் சர்வீஸ் என்று பெயரிட்டது. 1961-இல் அது மைசூர் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தோடு இணைந்தது. பின்னாளில் ரஜினிகாந்த் என்று தமிழகம் கொண்டாடிய சிவாஜி ராவ், கண்டக்டராகச் சீட்டுக் கிழித்தது இந்தச் சர்வீஸில்தான். 1973-இல் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் பெற, கழகமும் பெயர் மாறிற்று. 1997 ஆகஸ்டு 15-இல் பெங்களூருக்கெனத் தனிக் கழகம் பிரிந்தது. 2022-இல் ஒரு தனியார் நிறுவனத்தோடு 921 மின்பஸ்களுக்கு 12 ஆண்டு ஒப்பந்தம் ஆயிற்று. 2023 டிசம்பரில் அவற்றுள் முதல் 100 வண்டிகள் சாலைக்கு வந்தன.

நம் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1972-இல் பல்லவனும் பாண்டியனும் சேரனும் சோழனும் பஸ்களில் ஏறினார்கள், 1997-இல் இறங்கிவிட்டார்கள். மன்னர்கள் இறங்கிய பிறகும் மக்கள் நிறுத்தத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்!

ஆகவே, “தனியார் என்றாலே கொள்ளை” என்பாரோடும் நான் சேரமாட்டேன். “அரசு என்றாலே சோம்பல்” என்பாரோடும் சேரமாட்டேன். பலகையில் உள்ள பெயரைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பணம் கொடுப்பவர் எதை அளந்து கொடுக்கிறார் என்பதே அது.

பழைய தனியார் முறையில் டிக்கெட்டுப் பணம் முதலாளியின் பைக்குப் போயிற்று. அதனால் கூட்டம் உள்ள இடத்தில் வண்டி காத்து நிற்கும். கூட்டம் இல்லாத சிற்றூருக்குப் போகத் தயங்கும். இன்றைய ஒப்பந்தத்தில் டிக்கெட்டுப் பணம் கழகத்துக்கு. கம்பெனிக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. இதில் நன்மை உண்டு. ஆள் பிடிக்கப் போட்டியிட்டு ஓட வேண்டிய தேவை இல்லை. விலை மிகுந்த மின்வண்டிகளை ஒரே நேரத்தில் வாங்கும் சுமையும் கழகத்தின் தலைமேல் விழவில்லை. ஆனால் வெப்பமானி அழுத்தத்தைச் சொல்லாது என்பது அறிவியல் மாணவர் அனைவரும் அறிந்தது. கிலோமீட்டரைக் காட்டும் கருவி, காத்திருப்பைச் சொல்லுமா?

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். மணிக்கு நான்கு பஸ்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்பார். அதே நான்கு பஸ்கள் அரைமணிக்கு ஒருமுறை இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தால், சராசரி பதினைந்து நிமிடம். ஓடிய கிலோமீட்டர் ஒன்றே. கொடுத்த கூலியும் ஒன்றே. காத்திருப்போ இருமடங்கு! போதாக்குறைக்கு, முன்னால் வரும் வண்டியில் மூச்சுவிட இடமிராது. பின்னால் வருவது காலியாக வரும்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. லண்டனில் நகர பஸ்களை ஓட்டுவன தனியார் கம்பெனிகளே. தடத்தையும் கட்டணத்தையும் வகுப்பது நகரப் போக்குவரத்து நிர்வாகம். 2001 முதல் அங்குள்ள ஒப்பந்தங்களில், அடிக்கடி ஓடும் தடங்களில் பயணி வேண்டியதற்கு மேல் எத்தனை நிமிடம் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் அளக்கிறார்கள். காத்திருப்பு குறைந்தால் ஊக்கத்தொகை, மிகுந்தால் பிடித்தம். அங்கே செய்ததை இங்கே செய்ய முடியாதா? எந்த வண்டி எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவிகள் இன்று உண்டு. வேண்டியது மனம் ஒன்றே.

கூலியைப் பற்றிப் பேசுகையில் டிரைவரை மறத்தல் ஆகாது. ஒருநாள் தருமபுரிப் பக்கத்து டிரைவர் ஒருவரிடம், “அண்ணே, நீங்களும் கண்டக்டரும் ஒரே கழகமா?” என்று கேட்டேன். “இல்லே தம்பி, அவருக்குச் சம்பளம் கார்ப்பரேஷன், எனக்குக் கம்பெனி” என்றார். ஒரே வண்டியில், ஒரே வெயிலில் வேலை செய்யும் இருவருக்கு இரண்டு முதலாளிகள்! காத்திருப்புக்கான பிடித்தம் டிரைவரின் சம்பளத்தில் போய் விழுமானால், அவர் விரைந்து ஓட்டுவார், விபத்து வரும். ஆதலால் அவருடைய ஊதியமும் ஓய்வு நேரமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பிடித்தம் கம்பெனியின் இலாபத்தோடு நிற்க வேண்டும்.

“மெட்ரோ வந்துவிட்டதே, இனி பஸ் எதற்கு?” என்பாரும் உளர். 2023 அக்டோபர் முதல் நகரின் நடுவிலிருந்து வைட்பீல்டு வரை இடையில் இறங்காமல் மெட்ரோவில் போகலாம், உண்மை. ஆனால் அது கிருஷ்ணராஜபுரம் வழியாகச் செல்லும் பாதை. டொம்ளூரிலும் மாரத்தஹள்ளியிலும் நிற்பவருக்கு அதனால் என்ன பயன்? இரவு ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வரும் மாணவிக்கும், வீட்டு வேலை முடித்துத் திரும்பும் தாய்க்கும், பத்து நிமிடமா அரைமணியா என்பது வசதியைப் பற்றிய கேள்வி அன்று. பாதுகாப்பைப் பற்றிய கேள்வி.

நண்பர்களே, குறை கூறுவது எளிது. நம் சங்கம் ஒரு வேலை செய்யலாம். அறிவியல் மாணவரும் புள்ளியியல் மாணவரும், கன்னட நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, இத்தடத்தில் மூன்று நிறுத்தங்களில் ஒரு மாதம் முறைவைத்து நின்று, ஒவ்வொரு பஸ்ஸும் வரும் நேரத்தைக் குறிப்போம். வேண்டியவை ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும்தாம். கணக்கை இவ்விதழில் தமிழிலும், கழகத்துக்கு அனுப்பும் மனுவில் கன்னடத்திலும் எழுதுவோம். பிழைக்க வந்த ஊருக்கு நாம் படித்த படிப்பால் ஆகக்கூடிய உதவி இது.

யார் வேண்டுமானாலும் ஓட்டட்டும். ஆனால் கூலி கொடுக்குமுன், நிறுத்தத்தில் நிற்பவரின் கடிகாரத்தையும் ஒருமுறை பார்க்கட்டும்.