உரக்கிடங்கு வரட்டும், தோல் சீவல் வரக்கூடாது!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் குப்பையை உரமாக்கும் கிடங்கு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் வணிகர்களிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. கடைவீதி நாற்றம் ஒழிந்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் கட்டட்டும் என்பது ஒன்று. எங்கள் பக்கம் வேண்டவே வேண்டாம் என்பது மற்றொன்று. இரண்டுமே நமக்கு நன்மை தராது என்று கருதுகிறோம்.

காய்கறி மண்டி, வாழை மண்டி, பூக்கடை, ஓட்டல், பிரியாணிக் கடை என்று ஊரில் மக்கும் குப்பையைக் குவிப்பதில் நமக்குப் பெரும் பங்கு உண்டு. அதைத் தரம் பிரித்து உரமாக்க முடியும் என்பதை வேலூர் மாநகராட்சியின் சிறு மையங்கள் காட்டியுள்ளன. ஆகவே உரக்கிடங்கை எதிர்ப்பது நமக்கு அழகல்ல.

ஆனால் நமது வட்டாரம் தோல் வட்டாரம். 1985 ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. குரோம் முறையில் பதனிட்ட தோலில் குரோமியம் 2 சதவீதம் என்று வைத்துக் கொண்டாலும், ஒரு கிலோ சீவலில் 20 கிராம் இருக்கும். அந்த ஒரு கிலோ, 400 கிலோ உரத்தை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய் விடும்! உரம் தரம் தவறினால், விற்ற உரக்கடைக்காரரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவரும் நம்மில் ஒருவர்தானே?

முன்யோசனை இல்லாததன் விலை நமக்குத் தெரியாததல்ல. தோல் ஆலைக் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பாழானதாக வந்த கணக்கை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து 10 பேர் மாண்டனர். பாலாற்று வழக்கில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது. நிலம் கெட்டால் விவசாயி கை வறளும். விவசாயி கை வறண்டால் நம் கல்லாவும் வறளும்.

எனவே அனுமதி கொடுக்கும் கட்டத்திலேயே நாம் பேச வேண்டும். 2016 ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள், நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் கிடங்குகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும் என்றன. குரோமியமோ டன் கணக்குப் பார்த்து நுழைவதில்லை. கிடங்கு சிறிதோ பெரிதோ, நாம் கேட்க வேண்டியவை இவை:

1. தோல் சீவல், வெட்டுத் துண்டு, ஆலைச் சேறு எதையும் உள்ளே விடக் கூடாது என்பது அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

2. கிடங்கு தொடங்கும் முன் சுற்றுக் கிணறுகளின் நீரைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு கெட்டால் யாரால் கெட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

3. உரம் வெளியேறும் ஒவ்வொரு தொகுதிக்கும் குரோமியச் சோதனை நடத்தி, முடிவைக் கிடங்கு வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

4. குப்பையிலிருந்து கசியும் நீர் பாலாற்றுப் பக்கம் போகாதபடி தரைத்தளமும் தொட்டியும் அமைக்க வேண்டும்.

கேட்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. கடைவாசலில் பச்சைக் குப்பையைத் தனியே பிரித்துக் கொடுப்பது நம் வேலை. ஷூ அப்பர், கையுறை தைக்கும் கூடங்களும் தோல் வியாபாரிகளும் வெட்டுத் துண்டுகளைத் தெருத் தொட்டியில் போடாமல் தனியே ஒப்படைக்க வேண்டும். அடுத்த முறை கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், கடையை ஒரு மணி நேரம் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு உறுப்பினர்கள் நேரில் வந்து இவற்றை எழுத்து மூலம் கொடுக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.