நூற்பட்டியலும் நாமும்

கேரளத் தலைநகரில் தமிழ் நூலுக்குப் பஞ்சம் என்று தோழர்கள் பலர் சொல்லக் கேட்கிறேன். நான் அதனை ஒப்புவதில்லை. மனோன்மணீயம் பிறந்த ஊர் இது. மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை அந்நாடகத்தை 1891-இல் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை, 1950-களின் தொடக்கத்தில் இங்கேதான் தமிழ்த் துறைக்குத் தலைமை தாங்கினார். 1829-இல் தோன்றி இன்று மாநில மைய நூலகமாக விளங்கும் பொது நூலகத்திலும், 1942-இல் எழுந்த நம் பல்கலைக் கழக நூலகத்திலும் தமிழ் நூல்கள் உண்டு. நூல் இல்லை என்பதன்று நம் குறை. இருக்கும் நூலை அடையும் வழி எளிதாக இல்லை என்பதே குறை.

வழி என்று நான் சொல்வது நூற்பட்டியலை. முன்பு மர இழுப்பறைகளில் அட்டைகளாகக் கிடந்த பட்டியல் இன்று கணிப்பொறித் திரைக்கு வந்துவிட்டது. ஆங்கில நூலைத் தேடுவோர்க்கு இதனால் பெரும் நன்மை. தமிழ் நூலின் கதை வேறு. அதன் பெயரை ஆங்கில எழுத்தில் பெயர்த்தெழுதும் வழக்கம் நம் நாட்டு நூலகங்களில் நெடுநாளாக உள்ளது. பெயர்ப்பதற்கோ ஒரே முறை இல்லை. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் முறைப்படி எழுதினால் நம் சகரம் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தாகிவிடும். ஊர் வழக்கப்படி எழுதினால் ‘எஸ்’ ஆகிவிடும். ழகரத்தை ஒருவர் ‘இசட்’, ‘எச்’ என இரண்டெழுத்தால் எழுதுவார். மற்றொருவர் ‘எல்’ எழுதிக் கீழே கோடிடுவார். கண்ணால் பார்க்கும் மனிதன் எல்லாம் ஒன்றே என்று அறிந்துகொள்வான். கணிப்பொறிக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது. இந்நகரத்து நூலகம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) தமிழ் எழுத்தில் சுந்தரம் பிள்ளையைத் தேடினேன். அப்படி ஒருவர் இல்லை என்றது. ‘எஸ்’ எழுதினேன்; ஒரு நூல் வந்தது. ‘சி’ எழுதினேன், வேறு இரண்டு வந்தன. போய்ப் பார்த்தால் மூன்றும் ஒரே அலமாரியில், தோளோடு தோள் உரச நிற்கின்றன!

இது வெறும் எழுத்துப் பிழைதானே என்று தள்ளிவிட இயலாது. தேடிக் கிடைக்காத நூலை யாரும் இரவல் பெறுவதில்லை. இரவல் போகாத மொழிக்கு அடுத்த ஆண்டு பணம் ஒதுக்க எந்தக் குழுவும் தயங்கும். இடம் போதாமல் போனால் முதலில் மூட்டை கட்டப்படுவதும் அந்நூல்களே. நூலகக் கலைக்குத் தந்தையெனப் போற்றப்படும் அரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர். அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் மூன்றாவது, வாசகன் பக்கம் நின்று பேசாமல் நூலின் பக்கம் நின்று பேசுவது. தன்னை நாடுவோன் ஒருவனைக் கண்டடையும் உரிமை நூலுக்கும் உண்டென்று வாதாடுவது. அவ்வுரிமையைத்தான் இங்கே தமிழ் நூல் இழந்து நிற்கிறது.

பட்டியல் எழுதியவர்மேல் எனக்குச் சினமில்லை. மலையாளமும் ஆங்கிலமும் கற்ற ஒருவர், வாசிக்கத் தெரியாத அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்? தெரிந்தவர்கள் நாம். நாம் வாசகர் மேசையில் வாளா அமர்ந்திருக்கிறோம்.

இனிச் செய்தி. வாசகரும் எழுதக்கூடிய இணையம் 2005-ஆம் ஆண்டளவில் பேச்சாயிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்க நூலகர் மைக்கேல் கேசி, நூலகமும் அவ்வாறே வாசகனுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்று கூறி அதற்கு ‘நூலகம் 2.0’ எனப் பெயரிட்டார். நம் நூலகங்கள் பலவற்றுக்கு இது முகநூற் பக்கம் தொடங்குவதாக முடிந்துவிட்டது. விடுமுறை அறிவிப்பும் விழாப் படமும் அதில் வருகின்றன. பழைய அறிவிப்புப் பலகைக்கு மின்சாரம் கொடுத்தது போல! கருவி அதுவன்று. நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்துக்காக 1999-இல் உருவாகி, இன்று கேரளத்து நூலகங்கள் பலவற்றிலும் இயங்கும் ‘கோஹா’ என்னும் மென்பொருளைப் பாருங்கள். மயோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்று பொருள். விலையின்றிக் கிடைப்பதும் அது. அதில் வாசகன் நூலுக்குக் குறிச்சொல் இடலாம், கருத்து எழுதலாம், தான் தொகுத்த நூல்வரிசையைப் பிறர் காண வைக்கலாம், வாங்க வேண்டிய நூலைப் பரிந்துரைக்கலாம். இவ்வசதிகளை இயக்குவதும் நிறுத்தி வைப்பதும் நூலகர் கையில் உள்ளன.

குறிச்சொல்லின் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். அத்தெருவின் மனிதர்களையே கதைகளாக்கினார். நீல பத்மநாபன் 1970-இல் வெளியிட்ட ‘பள்ளிகொண்டபுரம்’ இந்நகரத்தையே களமாகக் கொண்ட நாவல். வகைப்பாட்டு எண்ணுக்கு இவையெல்லாம் ‘தமிழ்ப் புனைகதை’, அவ்வளவே. நாம் ‘சாலை’ என்றும் ‘திருவனந்தபுரம்’ என்றும் இரண்டு சொற்களை மலையாள எழுத்திலும் சேர்த்து இட்டுவிட்டால், தம் ஊரைப் பற்றித் தமிழில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அறிய விரும்பும் மலையாள நண்பரும் அந்த அலமாரிக்கு வந்து நிற்பார்.

கண்டவர் கண்டதை எழுதினால் பட்டியல் குப்பையாகாதா என்று கேட்பர். நியாயமான அச்சமே. ஆனால் கோஹாவில் வாசகர் கருத்து நூலகரின் இசைவு பெற்ற பின்னரே வெளிவரும். குறிச்சொல்லுக்கும் அவ்வாறே தடை வைக்கலாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் தன் பழைய செய்தித்தாள்களின் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் வேலையை 2008 முதல் பொதுமக்களிடமே விட்டிருக்கிறது. பல கோடி வரிகள் திருந்தின. நம்மவருக்கும் இது புதிதன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஒருவரையொருவர் கண்டிராத தமிழர்கள், கூலி வாங்காமல், இலக்கியங்களைத் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்து வலையேற்றினர்.

எனக்கு வேறோர் அச்சம் உண்டு. மாணவர் இலவசமாகச் செய்கிறார்களே, தமிழறிந்த நூலகர் எதற்கு என்று நிர்வாகம் எங்கும் கேட்டுவிடக் கூடாது. நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் திருத்தப்பட வேண்டிய இடம் மூலப் பதிவு. அதில் கைவைக்கும் பொறுப்பு பயின்ற ஊழியருடையது. குறிச்சொல்லால் அப்பணியிடத்தை நிரப்ப இயலாது. ஆகவே நம் வேண்டுகோள் இரண்டையும் கேட்க வேண்டும்: வாசகர் கருவிகளைத் திறந்து விடுக, தமிழ்ப் பதிவுகளைத் தமிழ் எழுத்திலும் அமைக்கத் தமிழறிந்தவரை அமர்த்துக.

மன்றம் இவ்வாறு செய்யலாம் என்று தோன்றுகிறது. பி. என். பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. வழக்கமான சொற்பொழிவை ஓராண்டு நிறுத்திவிட்டு, அன்று இருவர் இருவராக அலமாரிகளின் முன் நின்று, நூலின் முகப்பையும் திரையிலுள்ள பதிவையும் ஒப்பிட்டு, மாறுபாடுகளைக் குறித்து நூலகரிடம் கொடுப்போம். இருவரில் ஒருவருக்கு மலையாளம் எழுதத் தெரிந்திருப்பது நலம். செங்கோட்டை, நாகர்கோயில் பக்கத்துத் தோழர்களுள் அத்தகையோர் உளர். பெயர்களை மன்றச் செயலாளரிடம் இவ்வாரமே கொடுத்து வைக்கலாம்.