மண் அள்ளும் இயந்திரமும் நம் பிள்ளைகளும்

காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கோ, சிவகங்கையிலிருந்து இளையான்குடிக்கோ பேருந்தில் செல்பவர்கள், வழியில் எங்கேனும் ஒரு மஞ்சள் நிற இயந்திரத்தைக் காணாமல் ஊர் போய்ச் சேர்வது அரிது. கண்மாயில் வண்டல் அள்ளுவதும் அதுவே. வீட்டு அடித்தளத்திற்குக் குழி பறிப்பதும் அதுவே. சாலையோரம் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவதும் அதுவே. 2017-ஆம் ஆண்டில் சீமைக் கருவேல மரங்களை அகற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, நம் மாவட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் இந்த இயந்திரங்கள் இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மக்கள் இவற்றுக்கு இட்டு வழங்கும் பெயர்களே ஒரு சுவையான செய்தி. ஜே.சி.பி. என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் பெயரிலுள்ள முதலெழுத்துகள். அவர் 1945-இல் இங்கிலாந்தில் தொடங்கிய தொழிலகம், 1979-இல் அரியானா மாநிலம் பல்லப்கரில் காலூன்றியது. பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். ஹிட்டாச்சி ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். மூன்று தேசத்துத் தொழிலகப் பெயர்கள் நம் கிராமத்துத் தமிழில் இயந்திரத்திற்கே பெயராகிவிட்டன. டயர் சக்கரத்தில் ஓடி, முன்னே அள்ளும் வாயும் பின்னே தோண்டும் கையும் உடையதை ஜே.சி.பி. என்றும், இரும்புச் சங்கிலித் தடத்தில் நகர்ந்து மேலுடலைச் சுற்றிலும் திருப்பித் தோண்டும் பெரியதை ஹிட்டாச்சி அல்லது பொக்லைன் என்றும் நம்மவர்கள் வழங்குகின்றனர்.

இவ்வளவு பழகிப்போன இயந்திரத்தை இயக்கும் தொழிலைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் எண்ணமோ இரண்டு துருவங்களாக நிற்கிறது. அண்மையில் ஒரு தாய் கேட்டார்: "பையன் காலேஜுக்குப் போக மாட்டேன், ஜே.சி.பி. ஓட்டப் படிக்கிறேன் என்கிறான். அவனுடைய அத்தாவோ, மண் அள்ளுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்கிறார். நான் என்ன செய்வது?" இது ஒரு துருவம். மறு துருவத்தில், பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளையை இரண்டே வாரத்தில் 'ஆபரேட்டர்' ஆக்கி வளைகுடாவுக்கு அனுப்பிவிடலாம் என்று நகையை அடகு வைக்கத் துணிந்து நிற்கும் குடும்பங்கள். முதலாமவர் தொழிலை இழிவாக எண்ணுகிறார். இரண்டாமவர் எளிதாக எண்ணுகிறார். இருவருமே அதைக் கற்க வேண்டிய ஒரு தொழிலாகக் காண்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்தச் சிறு அறையில் அமர்ந்திருப்பவன் என்ன செய்கிறான் என்று சற்று உற்றுப் பாருங்கள். சங்கிலித் தட இயந்திரத்தில் அவன் இரு கைகளிலும் இரண்டு லீவர்கள் இருக்கும். இன்று பரவலாக வழங்கும் உலகத் தர முறைப்படி, இடக்கை லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் மேலுடல் திரும்பும். முன்பின்னாகத் தள்ளினால் முழங்கை போன்ற 'ஆர்ம்' நீளும், மடங்கும். வலக்கை லீவரை முன்பின்னாகத் தள்ளினால் 'பூம்' என்னும் மேற்கை இறங்கும், ஏறும். பக்கவாட்டில் தள்ளினால் பக்கெட் சுருளும், விரியும். நான்கு அசைவுகளையும் ஒரே மூச்சில் கலந்து செய்தால்தான் பக்கெட் ஒரு தாயின் கரண்டி போல வழுக்கிச் சென்று மண்ணை அள்ளி வரும். தனித்தனியாகச் செய்தால் இயந்திரம் வலிப்பு வந்ததைப் போலக் குலுங்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய அமெரிக்க முறையில் அமைந்த இயந்திரங்களில் பூமின் அசைவு இடக்கைக்கும், ஆர்மின் அசைவு வலக்கைக்கும் மாறியிருக்கும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் பதற்றமான நேரத்தில் பழைய பழக்கத்தையே செய்யும். கையை உயர்த்த எண்ணியவன் நீட்டிவிடுவான். எதிரே நிற்பவனின் உயிர் அந்த ஒரு நொடியில் அடங்கியிருக்கிறது.

இந்த லீவர்களைச் சில நாட்களில் பழகிவிடலாம் என்பது உண்மையே. ஆனால் மண்ணைப் பழக ஆண்டுகள் ஆகும். செம்மண் சரளை நிமிர்ந்து நிற்கும்; கண்மாய் வண்டல் காலையில் உறுதியாகத் தோன்றி மாலையில் இயந்திரத்தையே விழுங்கும்; நேற்று கொட்டிய சவுட்டு மண்ணின் விளிம்பில் நிறுத்தினால் தடமே சரியும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது என்பதை அறிந்தவன், தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்க மாட்டான். ஏனெனில் உள்ளே குழாய் பதிப்பவன் இருக்கிறான். தலைக்கு மேல் மின்கம்பி, காலுக்குக் கீழ் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய், பின்புறம் திரும்பும் உடலின் வீச்சுக்குள் ஒரு சிறுவன் வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறானா என்ற கவனம் - இவை எதுவும் லீவரில் எழுதப்பட்டிருக்கவில்லை. இதே மாவட்டத்துக் கீழடியில் 2015 முதல் சிறு கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணைப் படிப்படியாக நீக்கி ஆய்வு செய்கிறார்களே, அந்தப் பொறுமையில் ஒரு பங்காவது ஏழு எட்டு டன் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவனுக்கும் வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் இத்தொழிலைக் கற்பது எந்த நிலையத்திலும் அன்று. ஹெல்பராகச் சேர்கிறார்கள். காலையில் பின், புஷ்களுக்குக் கிரீஸ் அடிப்பது, டீசல் நிரப்புவது, ஹைட்ராலிக் குழாயில் கசிவு பார்ப்பது, டிப்பர் லாரிக்குக் கை காட்டுவது என்று ஓராண்டு, இரண்டாண்டு ஓடும். இடையிடையே பெரியவர் தேநீர் அருந்தும் வேளையில் பிள்ளைக்கு லீவர் கிடைக்கும். மதரஸாவில் எங்களைப் பிள்ளைகள் உஸ்தாத் என்று அழைப்பது போலவே, வடநாட்டு லாரிகளிலும் வளைகுடாப் பணித்தளங்களிலும் தொழில் கற்பிப்பவரை உஸ்தாத் என்றே அழைக்கின்றனர். காரணமில்லாமல் அச்சொல் அங்கே போய்ச் சேரவில்லை. உடனிருந்து, பார்த்து, திட்டு வாங்கி, கை திருந்துவதற்கு ஈடான கல்வி வேறில்லை. இதை நான் குறைவாக மதிக்க மாட்டேன்.

ஆனால் இவ்வழியில் மூன்று குறைகள் உள. முதலாவது, வயது. பதினாறு வயதுப் பிள்ளையை லீவரில் அமர்த்துவதை நம் ஊர்களில் வீரமாகவே கருதுகின்றனர். மோட்டார் வாகனச் சட்டம் பொதுவிடத்தில் இத்தகைய வண்டியை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, வயது நிறையாதவர் வாகனக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இரண்டாவது, உரிமம். மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டும் உரிமம் இருந்தால் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். போதாது, இவ்வகை இயந்திரத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமத்தில் தனியே சேர்க்க வேண்டும். விபத்து நேர்ந்த அன்றுதான் காப்பீட்டு நிறுவனம் உரிமத்தைப் புரட்டிப் பார்க்கும். தகுதியான உரிமம் இல்லையெனில் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கும். மூன்றாவது குறை, ஐந்தாண்டு உழைத்த பிறகும் அவன் உழைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் சாட்சியாக இராது என்பது.

இந்த மூன்றாவது குறைக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. ஒவ்வோர் இயந்திரத்திலும் மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. வாடகையும் மணிக்கணக்கில்தான், எண்ணெய் மாற்றுவதும் மணிக்கணக்கில்தான். பிள்ளை ஒரு குறிப்பேடு வாங்கி, நாள், இடம், இயந்திரத்தின் வகை, தான் இயக்கிய மணிகள், செய்த வேலை ஆகியவற்றை எழுதி, மாதம் ஒருமுறை உரிமையாளரிடம் கையொப்பம் பெறட்டும். எழுதச் சோம்பும் பிள்ளைக்கு உம்மாவோ சகோதரியோ இரவில் எழுதித் தரலாம். நம் வீடுகளில் நன்கு எழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே.

ஏனெனில், கற்ற தொழிலைத் தேர்ந்து சான்றளிக்கும் வழி இன்று நாட்டில் உண்டு. 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், புதிதாகக் கற்பவர்களுக்கான பயிற்சியோடு, அனுபவத்தால் கற்றவர்களைச் சோதித்துச் சான்று வழங்கும் பிரிவும் அமைக்கப்பட்டது. கட்டுமான இயந்திரங்களுக்கென்றே ஒரு திறன் கவுன்சில் இயங்கி, பேக்ஹோ லோடர், எக்ஸ்கவேட்டர், கிரேன் ஆகியவற்றை இயக்குவோருக்குத் தகுதித் தரங்களை வகுத்திருக்கிறது. ஹெல்பராய்க் கழித்த ஆண்டுகள் வீணல்ல. அவற்றைச் சான்றாக மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

நேரடியாகப் பயிற்சி நிலையத்தில் சேர்க்க விரும்பும் பெற்றோர், சுவரில் தொங்கும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓர் இயந்திரத்திற்கு எத்தனை மாணவர், ஒரு பிள்ளை தன் கையால் எத்தனை மணி நேரம் இயக்குவான் என்று கேளுங்கள். இருபது பேருக்கு ஓர் இயந்திரம் இருந்து, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் அது ஓடினால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது பதினெட்டு நிமிடம். பதினைந்து நாள் பயிற்சியில் நான்கரை மணி நேரம்! இந்தக் கணக்கைப் போட ஐந்தாம் வகுப்புக் கல்வி போதும். ஆயினும் பணம் கட்டும் முன் போட்டுப் பார்ப்பவர் சிலரே. பயிற்சியே இல்லாமல் அட்டை மட்டும் விற்பவர்களைப் பற்றி என்ன சொல்ல! அந்த அட்டையை வாங்குபவன் ஏமாறுகிறான் என்பது பாதி உண்மை. அதை நம்பிப் பள்ளத்திற்குள் இறங்கும் கூலித் தொழிலாளியை அவன் ஏமாற்றுகிறான் என்பது மறு பாதி. அமானிதம் என்ற சொல்லைப் பணத்திற்கு மட்டுமே உரியதாகச் சுருக்கிவிட்டோம்.

இது மிகைப்பட்ட பேச்சு என்று நினைப்போர் 2025 மே 20-ஆம் நாளை எண்ணிப் பார்க்கட்டும். நம் மாவட்டத்தின் சிங்கம்புணரி வட்டாரத்து மல்லாக்கோட்டையில் ஒரு கல்குவாரியில் பாறை சரிந்தது. ஐந்துக்குக் குறையாத உயிர்கள் போயின. அவர்களுள் வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்து இயந்திரம் இயக்கியவரும் ஒருவர். குவாரியின் அடியில் இருப்பவன் எவ்வளவு தேர்ந்தவனாயினும், மேலே தொங்கும் பாறையை அவன் ஒருவனால் தடுக்க இயலாது. அது நடத்துபவர்களின் பொறுப்பு. ஆனால் கல்குவாரியும் சட்டத்தின் கண்ணில் சுரங்கமே என்பதும், சுரங்கத்தில் புதிதாகச் சேர்பவருக்கு வேலைக்கு முன் பயிற்சி அளிக்க வேண்டுமென்று 1966-ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வகுக்கப்பட்டன என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டி நிற்கும் சுவரின் கீழ் இறங்கச் சொன்னால், "படி வெட்டாமல் இறங்க மாட்டேன்" என்று சொல்லும் துணிவு, பயின்றவனுக்கே வரும். குவாரி வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் முன் அத்தாமார் ஒருமுறை அந்தப் பள்ளத்தை நேரில் போய்ப் பார்த்து வருவது நல்லது.

இனி, சபர் போகும் விஷயம். நம் பகுதியில் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ ஒருவரை அனுப்பாத தெரு இல்லை. அங்கே 'ஷவல்' இயக்கத் தெரிந்தவனுக்கு வேலை உண்டு என்பது உண்மை. ஆனால் நம் நாட்டு உரிமத்தைக் காட்டி அங்கே இயந்திரத்தில் ஏறிவிட முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கனரக இயந்திரத்திற்கென அங்கேயே தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். சவூதி அரேபியாவோ பல தொழில்களுக்குப் புறப்படும் முன்பே திறன் தேர்வு வைக்கத் தொடங்கியுள்ளது. பொய்ச் சான்றோடு சென்றவன் முதல் நாள் சோதனையில் தோற்று, அதே தளத்தில் மண்வெட்டி ஏந்தும் கூலியாகக் குறைந்த ஊதியத்திற்கு நிற்க நேரும். நகையை மீட்க வேண்டிய கடனோ முழு ஊதியத்தை நம்பி வாங்கியது.

பத்தாம் வகுப்பில் தேறாதவரின் பாஸ்போர்ட்டில், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அந்த அனுமதியைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை ஒரு முறை தவறியிருந்தால் தனித்தேர்வராக எழுதித் தேறச் செய்வது, எந்த ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிடவும் பயன் தரும். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம், வரி நீங்கலாக, 30,000 ரூபாய். இலட்சத்தில் பேசுபவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீது கேளுங்கள். இவ்வனுமதியோடு செல்பவர்களுக்குரிய பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீட்டில், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் உண்டு. அந்தப் பத்திரத்தின் ஒரு நகல் பிள்ளையின் பெட்டியில் மட்டுமன்றி வீட்டிலும் இருக்கட்டும்.

உள்ளூரிலேயே இருந்து சொந்த இயந்திரம் வாங்கும் ஆசையும் பிள்ளைகளுக்கு இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. புதிய ஜே.சி.பி. ஒன்றின் விலை முப்பது இலட்சத்தைத் தாண்டும். மழைக்காலத்தில் வேலை நிற்கும், தவணை நிற்காது. வட்டியைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நான் தனியே எழுத வேண்டியதில்லை. வேறொருவரின் இயந்திரத்தில் ஊதியமும் பேட்டாவும் பெற்று, பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டு, கூட்டாக ஒரு பழைய இயந்திரத்தை ரொக்கத்தில் வாங்கியவர்கள் நிலைத்திருப்பதை நம் ஊரிலேயே காணலாம்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன விடை சுருக்கமானது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையட்டும். அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும். விடுமுறையில் ஒரு நல்ல உஸ்தாதிடம் சென்று கிரீஸ் அடித்துப் பார்க்கட்டும். லீவரைத் தொட வேண்டாம். புழுதியிலும் குலுக்கலிலும் இடுப்பு நோக ஒரு மாதம் நின்ற பிறகும் விருப்பம் குறையவில்லையெனில், அத்தாவை நான் பார்த்துப் பேசுகிறேன் என்றேன். பெண் கொடுப்பார்களா என்ற கேள்விக்கு, "கையில் உரிமமும், கைப்பட எழுதிய மணிக்கணக்கும் வைத்திருக்கும் பையனை எனக்குச் சொல்லுங்கள், பெண் வைத்திருக்கும் இரண்டு வீடுகள் எனக்குத் தெரியும்" என்று கூறி அனுப்பினேன்.